ரத்தத்துக்கு டிரஸ் தைத்த மாதம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று கடைக்கு வந்த டீச்சரின் ஒரு கையில் நீலச் சாக்பீஸ் தூள், இன்னொரு கையில் சிவப்புத் தூள். கழுவாமல் வகுப்பிலிருந்து நேராக வந்திருக்கிறார். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் வரைவாரோ என்று நினைத்துக்கொண்டு, தையல் மிஷினுக்குப் பின்னால் இருந்தபடியே பார்த்தேன்.

சுதந்திர தினம் நெருங்குவதால் கடையில் நிற்க இடமில்லை. செண்பகம் அக்காவின் கடை, மாறுவேட டிரஸ்களை வாடகைக்கு விடும் கடை. கோவில்பட்டியில் எந்தப் பள்ளியில் விழா என்றாலும் புலி, மயில், தக்காளி, ராணி, ராணுவ வீரர் எல்லாரும் இங்கிருந்துதான் போவார்கள். கிழிந்து திரும்பி வருகிறவர்களை நான் தைப்பேன். வருகிறவர்களோடு பேசுவது அக்காவின் வேலை. அதனால்தான் எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

டீச்சர் அக்காவிடம், "ரத்தம் டிரஸ் இருக்கா?" என்று கேட்டார்.

"ஆக்ஸிடென்ட் சீனுக்கா டீச்சர்? வெள்ளச் சட்டையில சாயம் ஊத்தித் தாரேன்" என்றாள் அக்கா.

இல்லை, ரத்தமே வேண்டும் என்றார். அவர் பெயர் ஜெபமணி. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். மைதானத்தில் பெரிதாக ஓர் இதயம் வரைந்து, பிள்ளைகளை ரத்தமாக அதற்குள் ஓட விடப்போகிறாராம். போர்டில் எத்தனை முறை வரைந்தாலும் பாதிப் பேருக்கு மண்டையில் ஏறவில்லை, காலால் நடந்து பார்த்தால் ஏறும் என்கிறார். மாதக் கடைசியில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அன்றைக்கு நாடகம்.

புலி இருக்கிறது, தக்காளி இருக்கிறது, ரத்தம் இதுவரை யாரும் கேட்டதில்லை, தைத்துத்தான் தர வேண்டும் என்றாள் அக்கா. டீச்சர் பையிலிருந்து பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தின் மூலையை மடக்கி, மாதிரிக்கு என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா அதை என் பக்கம் தள்ளினாள். நான் ஒன்பதாவது பாஸ். இந்தப் புத்தகத்தை இதுவரை தொட்டதில்லை. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் தண்ணீர் வந்தது. குடங்களை நிரப்பிவிட்டு, அம்மாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போன பிறகு படத்தைப் பார்த்தேன். கலர் என்ன, யார் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். ஆனால் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததையும் படித்தால்தான் கலர் சரியாகப் புரியும் என்று தோன்றியது. அதைப் படித்தேன். அதற்கு முந்தின பக்கத்தைப் படிக்காமல் அது புரியவில்லை.

கடைக்குப் போகத் தாமதமாகிவிட்டது.

சாயங்காலம் அம்மா, அது என்ன புத்தகம் என்று கேட்டாள். டிசைன் புத்தகம் என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

சாட்டின் வெட்டினேன். பாதிப் பேருக்குச் சிவப்பு, பாதிப் பேருக்கு நீலம். படத்தில் அப்படித்தான் இருக்கிறது. இதயத்தின் ஒரு பாதிக்குள் சிவப்பு ஓடுகிறது, மறுபாதிக்குள் நீலம். அக்கா மயிலுக்கு என்று வைத்திருந்த நல்ல நீலத் துணியை மனசில்லாமல் எடுத்துக் கொடுத்து, "பாத்து வெட்டுட்டி, இந்த நீலம் இனிமே வராது" என்றாள்.

வெட்டும் முன்னால் ஒரு முறை என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஓடுகிற நரம்பும் நீலம்தான். தைரியமாக வெட்டினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பள்ளிக்குப் போய்க் காட்டிவிட்டு வா என்று அக்கா என்னை அனுப்பினாள். நான் போகமாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னேன். ஒரு பாரதமாதாவின் இடுப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்த அக்காவின் காதில் அது விழவில்லை.

மைதானத்தில் கபடிக்குக் கோடு போடும் வெள்ளைப் பொடியால் இதயம் வரைந்திருந்தார்கள். நான்கு அறை, ஒவ்வொன்றும் எங்கள் வீட்டைவிடப் பெரியது. கருப்பு மண்ணில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. பத்தாம் வகுப்பு பி பிரிவு முழுக்க வெளியில்தான் நின்றது. ஒரு பையன் பேண்டு டிரம்மை மாட்டிக்கொண்டு, "டெய்லர் அக்கா வந்துட்டாங்கடோய்" என்றான். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். எல்லோரும் திரும்பினார்கள். எனக்குக் காது சுட்டது.

டீச்சர் மூட்டையைப் பிரித்தார். சிவப்பு வந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். அடுத்து நீலம் வந்தது. டீச்சர் அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"நீலம் எதுக்கும்மா?"

படத்தில் இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. புத்தகத்தைத் திறந்து காட்டினேன்.

"அது வேற வேறன்னு காட்டுறதுக்காகப் போட்ட கலரும்மா. ரத்தம் நம்ம உடம்புல எங்கயும் நீலமா இருக்காது. ஆக்ஸிஜன் நிறைய இருந்தா பளிச்சுன்னு சிவப்பு. குறைஞ்சா கருஞ்சிவப்பு. அவ்வளவுதான்."

டிரம் வைத்திருந்தவன் சிரித்தான். டீச்சர் அவன் பக்கம் திரும்பி, உனக்கு இது முன்பே தெரியுமா முப்பிடாதி என்று கேட்டார். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். நரம்பு நீலமாகத்தானே தெரிகிறது என்றான். அது மேலே இருக்கும் தோலால் அப்படித் தெரிவது என்று சொல்லிவிட்டு டீச்சர், ரத்தம் சில இடத்தில் நீலம் என்று நினைத்திருந்தவர்கள் கை தூக்குங்கள் என்றார்.

பாதிக்கு மேல் தூக்கினார்கள். ஷர்மிளா பானு என்ற பெண்ணும் தூக்கினாள். அவள்தான் முதல் ரேங்க் என்று அவளைப் பார்த்து மற்றவர்கள் வாயைப் பிளந்ததில் தெரிந்தது.

டீச்சர் அந்தக் கோட்டுக்குள்ளேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அது இடது வெண்ட்ரிக்கிள், இதயத்தின் கீழறை. "ஒன்பது வருஷமா நான்தானே நீலச் சாக்பீஸ்ல வரைஞ்சிருக்கேன்" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் கண்ணில் தண்ணீர் வந்தது. ரயில்வே கேட் பக்கம் எப்போதும் புழுதிதான்.

ஆகஸ்ட் 13, புதன்

காலை முழுக்கத் திட்டு. மயில் துணி போய்விட்டது என்று வந்தவர்கள் எல்லாரிடமும் அக்கா சொன்னாள். புலி டிரஸ் கேட்டு வந்தவரிடம்கூடச் சொன்னாள்.

சாயங்காலம் ஜெபமணி டீச்சர் வந்தார். நான் மயில் தோகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னை அங்கேயே வந்து பிடித்து, நீலத்தைப் பிரித்துவிடாதே என்றார். நாடகமே நீலத்தில் இருந்துதான் ஆரம்பிக்கப் போகிறதாம். பிள்ளைகள் நீலத் துணியை மேலே போர்த்திக்கொண்டு வருவார்கள். புத்தகத்துப் படம் என்று ஒரு பாத்திரம் வந்து, நீங்கள் எல்லாம் நீலம் என்று அதட்டும். நாங்கள் எப்போது நீலமாக இருந்தோம் என்று எல்லோரும் துணியை வீசி எறிவார்கள். உள்ளே கருஞ்சிவப்பு.

"நீ நீலம் வெட்டலைன்னா, இது எனக்கு இன்னும் ஒன்பது வருஷம் தெரிஞ்சிருக்காது" என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

பிறகு அக்காவிடம் நடந்ததைச் சொன்னார். தலைமையாசிரியர் சங்கரலிங்கம் சாருக்கு இது பிடிக்கவில்லை. பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைகளை மைதானத்தில் ஆட விடுகிறீர்களே, பெற்றோர் கேட்டால் என்ன பதில் என்றாராம். அவர் வைத்த நிபந்தனை இதுதான். கண்காட்சி முடிந்ததும் பி பிரிவுக்கு இந்தப் பாடத்தில் ஒரு தேர்வு. முதல் தேர்வில் பாதிப் பேர் பெயில். இதிலும் அப்படியே இருந்தால், இனி எந்தப் பாடத்துக்கும் ஆட்டம், பாட்டம், படம் எதுவும் கிடையாது. நோட்ஸ் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும். நல்லபடியாக வந்தால் மற்றப் பாடங்களுக்கும் டீச்சர் இஷ்டம்போல் செய்யலாம்.

நிறுத்திவிட்டால் நான் அந்தப் பள்ளிக்கு மறுபடியும் போக வேண்டியிருக்காது. எனக்கென்ன.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று முழுக்கப் பாரதமாதாக்கள். எழுத நேரமில்லை.

ஆகஸ்ட் 16, சனி

ஒரு பெரிய சிக்கல். ரத்தம் நுரையீரலுக்குள் போகும்போது கருஞ்சிவப்பு, வெளியே வரும்போது பளிச்சென்ற சிவப்பு. பிள்ளைகள் ஓடிக்கொண்டே நிறம் மாற வேண்டும். திரை கிடையாது, உள்ளே போய் மாற்ற அறை கிடையாது. வெட்டவெளி மைதானம்.

இரண்டு பக்கமும் போடுகிற மாதிரி ஒரு அங்கி தைத்தேன். வெளிப்பக்கம் கருஞ்சிவப்பு, உள்பக்கம் சிவப்பு. கழற்றித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அதற்குள் நுரையீரலே களைத்துவிடும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அதையே எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அக்கா அனுப்பவில்லை. நானாகத்தான், சாயங்காலம் கடை காலியாக இருந்ததால்.

முப்பிடாதி போட்டுப் பார்த்தான். ஓடிக்கொண்டே தலை வழியாகக் கழற்றப் பார்த்தவன் அங்கிக்குள் சிக்கி, எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஓடிப்போய் வேப்பமரத்தில் முட்டிக்கொண்டான். மாரடைப்பு, மாரடைப்பு என்று எல்லோரும் கத்தினார்கள். டீச்சரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

ஷர்மிளா பானு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அங்கியைப் புரட்டினாள். எதற்காகக் கழற்ற வேண்டும், காலண்டர் தாள் மாதிரி பாதியை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது கீழே விட்டால் என்ன என்றாள். அவளுக்கு அதை எப்படித் தைப்பது என்று தெரியாது. எனக்கு அந்த யோசனை வந்திருக்காது. சாக்பீஸ் வாங்கி, துணியிலேயே இடுப்பில் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டில் ஒரு மடிப்புத் துணியைப் பிடித்துத் தைக்க வேண்டும். தூக்கித் தோளில் ஒட்டினால் உடம்பு முழுக்கக் கருஞ்சிவப்பு. தோளில் தட்டினால் மடிப்புக் கீழே விழுந்து, மேலேயும் சிவப்பு, கீழேயும் சிவப்பு.

ஒட்டுவதற்கு, பிரிக்கும்போது பர்ரென்று சத்தம் வருமே, அந்த டேப். அக்கா அதை பர்ர் டேப் என்றுதான் கேட்டு வாங்குவாள்.

ஷர்மிளா பானு, "பேரு என்ன?" என்று கேட்டாள். கனகமணி என்றேன். கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, புதன்

அளவு எடுக்கப் போனேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அளவு எடுக்கப் போனேன். எல்லா அளவும் முன்பே எடுத்தாகிவிட்டது, ஆனாலும் பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் வேகமாக வளர்வார்கள்.

ஒத்திகை நடந்தது. முப்பிடாதிதான் இதயம். மைதானத்தின் நடுவில் நின்று லப், டப் என்று டிரம் அடிப்பான். அவன் மெதுவாக அடித்தால் எல்லோரும் நடக்க வேண்டும், வேகமாக அடித்தால் ஓட வேண்டும். முதல் அடிக்கு மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் கதவு மூடும். இரண்டாவது அடிக்கு வெளியே போகும் கதவு மூடும். கதவு என்றால் கையைக் கோத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள். இதுவரை எந்த அறிவியல் தேர்விலும் பாஸ் ஆகாதவன் அவன். இன்று ஒருவன் தப்பான கதவைத் திறந்ததும் டிரம்மை நிறுத்தி, "ஏலேய், ரத்தம் பின்னால போகுதுலே" என்று சத்தம் போட்டான். டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவர் சிரித்தது எனக்குத் தெரிந்தது.

இன்னொன்று. இதயத்தை விட்டு வெளியே போகிற குழாய் தமனி, அதில் ஓடுவது நல்ல சிவப்பு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் நுரையீரலுக்குப் போகிற தமனியில் மட்டும் கருஞ்சிவப்பு. படிக்கும்போது எனக்கு இது ஓடவே இல்லை. இன்று அந்தக் கோட்டில் ஓடுகிறவர்களுடைய மடிப்பு இன்னும் மேலேயே இருந்ததைப் பார்த்தேன். நுரையீரலுக்கே இன்னும் போகவில்லையே, எப்படிச் சிவப்பாக முடியும். இவ்வளவுதானா என்று இருந்தது.

திரும்பும்போது ஷர்மிளா பானு என் சைக்கிளோடு ரயில்வே கேட் வரை நடந்து வந்தாள். நீ ஏன் படிக்கவில்லை என்று கேட்டாள். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது, அதனால் நின்றுவிட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

தீப்பெட்டி ஆபீஸில் அரை நாள் லீவு. அம்மா கடைக்கு வந்தாள். அக்காவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். பாவம், உன் ஆபரேஷனால் இவள் படிப்பு போச்சு என்று அக்கா சொன்னாள்.

"ஆபரேஷன் நடந்தது தீபாவளிக்கு. இவ ஜூன்லயே போமாட்டேன்னு உக்காந்துட்டாளே. புதுப் பள்ளிக்கூடம்னதும் காய்ச்சல் வந்துட்டு. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு மாதமெல்லாம் சரியாக நினைவிருக்காது.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஒத்திகைக்குத் தலைமையாசிரியர் வந்தார். கோபக்காரர் என்று நான் நினைத்திருந்தேன். ஒல்லியாக, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். கடைசி வரை பார்த்தார். நன்றாகத்தான் ஓடுகிறார்கள், ஆனால் பரீட்சைப் பேப்பரில் ஓட முடியாதே டீச்சர் என்றார். போன வருடம் அறிவியலில் பெயில் ஆனவர்களில் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஒருத்தன் லாரியில் போகிறான், எனக்கு அந்தக் கவலைதான் என்றார்.

அவர் போன பிறகு டீச்சர் வெகுநேரம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, நான் மடிப்புகளை எண்ணிக் கட்டும்போது, "நான் தப்புப் பண்றேனா கனகமணி?" என்று கேட்டார். என்னிடம் ஒருவரும் இப்படி எதையும் கேட்டதில்லை. இல்லை டீச்சர், எனக்கே புரிந்துவிட்டது என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மூட்டையைக் கட்டினேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கடைசித் தையல். ஊசி இரண்டு தடவை விரலில் குத்தியது. வந்தது சிவப்புதான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையிலிருந்தே காற்று. கோவில்பட்டியில் ஆடி முடிந்தும் காற்று முடியவில்லை. மைதானத்துப் புழுதியும் வெள்ளைப் பொடியும் பறந்தன. கல்வி அதிகாரி அம்மா வந்திருந்தார். பெற்றோர்கள், மற்ற வகுப்புகள், மாடி வராண்டா முழுக்கத் தலைகள். செண்பகம் அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஊக்கு டப்பாவோடு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன்.

நீலத் துணிகள் பறந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். காற்று அவற்றைச் சுற்றுச்சுவர் வரை கொண்டுபோனது. டிரம் ஆரம்பித்தது. ரத்தம் நடந்தது. மேலறை, கீழறை, நுரையீரல். நுரையீரல் என்பது மஞ்சள் கைக்குட்டை வைத்திருக்கும் பிள்ளைகள். கைக்குட்டைதான் ஆக்ஸிஜன். அதை வாங்கிக்கொண்டு தோளில் தட்டினார்கள். பர்ரென்று ஒரே சத்தம், எல்லோரும் சிவப்பு. வராண்டாவில் சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள். அக்கா எழுந்தே நின்றுவிட்டாள்.

இதயத்துக்குத் திரும்பி, அங்கிருந்து உடம்புக்குப் போனார்கள். உடம்பின் கடைசியில் கால் விரல். அங்கே ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டு, மடிப்பைத் தூக்கித் தோளில் ஒட்டி, கருஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும்.

ஒட்டவில்லை.

டேப்பின் பல்லுக்குள் எல்லாம் புழுதியும் பொடியும் ஏறியிருந்தது. முதலில் வந்தவள் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். மடிப்பு விழுந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். இப்படியே திரும்பினால் சிவப்பு ரத்தம் தப்பான பக்கத்துக்குள் போகும். நாடகம் சொல்லவந்ததே தலைகீழாகிவிடும். டீச்சர் தலைமையாசிரியர் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து ஓடி வர முடியாது. முப்பிடாதி பார்த்துவிட்டான். டிரம்மை நிறுத்தவில்லை, மெதுவாக்கினான். தூங்குகிறவனின் இதயம் மாதிரி, லப், டப்.

நான் எப்போது அங்கே போனேன் என்று தெரியவில்லை. முதல் பெண்ணின் தோளில் மடிப்பை வைத்து ஊக்குக் குத்தினேன். கைக்குட்டையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் தள்ளிவிட்டேன். அடுத்தவன். ஒருத்தருக்குக் குத்தி முடித்தால்தான் அடுத்தவர் வர முடியும். வரிசையாக நில்லுங்கள் என்றேன். நின்றார்கள். டிரம்முக்குத் தகுந்தபடி என் கையும் போனது. நுரையீரலில் இனித் தட்டினால் போதாது, ஊக்கைக் கழற்ற வேண்டுமே. ஷர்மிளா பானு தானாகவே நுரையீரலுக்கு ஓடிப்போய் அங்கே நின்று கழற்றினாள். நான் குத்த, அவள் கழற்ற, மூன்று சுற்று வந்தது. மூன்றாவது சுற்றில் முப்பிடாதி மறுபடியும் ஓட்டத்துக்கு அடித்தான். அவனுக்கு எங்கள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. எனக்கு ஒரு தடவைகூட விரலில் குத்தவில்லை.

டிரம் நின்று கை தட்டல் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன். நான் மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். தோள் முழுக்க மஞ்சள் கைக்குட்டை. அவ்வளவு பேரும் இந்தப் பக்கம்தான் பார்த்தார்கள்.

அதிகாரி அம்மா எழுந்து வந்தார். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார். சொன்னார்கள். முப்பிடாதியிடம், எந்தத் தமனியில் கருஞ்சிவப்பு ரத்தம் ஓடும் என்று கேட்டார். நுரையீரலுக்குப் போறதுல மேடம், அவங்க இன்னும் மூச்சே வாங்கலையே என்றான். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் மட்டும் வேறு உடையில் இருந்தேன்.

"இந்தப் பொண்ணு என்ன வேஷம்?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் ஷர்மிளா பானு, "தந்துகி மேடம்" என்றாள். தந்துகி என்றால் உடம்பின் ஓரம்வரை போகும் மிக மெல்லிய ரத்தக் குழாய். புத்தகத்தில் அந்தப் படத்துக்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

அப்படியா, தந்துகி என்ன வேலை செய்யும் என்று அதிகாரி அம்மா என்னையே கேட்டார்.

திறந்து காட்டப் புத்தகம் இல்லை. ஊக்கு டப்பாதான் இருந்தது. ஆனால் பதில் என் கையில் இருந்தது. இப்போதுதான் அதைச் செய்து முடித்திருக்கிறேன்.

"வழி ரொம்பச் சின்னது மேடம். ஒவ்வொருத்தராத்தான் போக முடியும். இங்க வந்து ஆக்ஸிஜனக் கொடுத்துட்டு, உடம்புக்கு வேண்டாதத வாங்கிட்டுப் போவாங்க. அதான் நிறம் மாறுது."

சத்தம் வந்தது. வராண்டா வரை கேட்டது என்று அக்கா சொன்னாள். அக்கா எதையும் கூட்டித்தான் சொல்வாள்.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று அவர்களுக்குத் தேர்வு. நான் தக்காளிக்குக் காம்பு வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

அக்கா, "நீயா பரீட்சை எழுதுத?" என்றாள்.

செப்டம்பர் 3, புதன்

மதியம் தலைமையாசிரியர் கடைக்கு வந்தார். கூடவே டீச்சர். டீச்சரின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்துகொண்டிருந்தார், முடியவில்லை.

ஒருத்தன் தவிர பி பிரிவு முழுக்கப் பாஸ். அந்த ஒருத்தனும் அன்றைக்கு வயிற்று வலியால் பாதியில் எழுந்து போனவன். முப்பிடாதி பாஸ். பேப்பரின் ஓரத்தில் லப் டப் என்று எழுதிப் பார்த்துத்தான் வால்வுக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறானாம்.

தலைமையாசிரியர் பெஞ்சில் உட்கார்ந்து, புலி டிரஸ்ஸின் வாலை ஓரமாக நகர்த்தி வைத்தார். தனக்கு இந்த ஆட்டத்தில் இன்னும் முழு நம்பிக்கை இல்லை என்றார். ஆனால் தான் திருத்திய பேப்பரை நம்பாமல் இருக்க முடியாதாம். அடுத்தது ஒளி பாடம். அதற்கு ஏழு நிறத்தில் துணி வேண்டும், கண்ணாடி மாதிரி மின்னுகிற துணியும் வேண்டும் என்று அவரே அக்காவிடம் ஆர்டர் சொன்னார். டீச்சர் இரண்டு தடவை குறுக்கே பேசப் பார்த்தார். அவர் விடவில்லை. ஒளி என்னுடைய பாடம், இயற்பியல் எடுத்தவன் நான் என்றார். அக்கா மின்னுகிற துணி எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் கொட்டினாள்.

அவர்கள் எழுந்து செருப்பு மாட்டினார்கள். போய்விடுவார்கள் என்று தெரிந்தது.

மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து முன்னால் வந்தேன். "சார், நான் பத்தாவது சேரணும்" என்றேன்.

கடையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"டிசி இருக்கா?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"இருக்கு சார்."

"போன வருஷம் ஏன் சேரலை?"

அம்மாவின் ஆபரேஷன் என்று எனக்காகச் சொல்ல அக்கா வாய் திறந்தாள். அதற்குள் நான், "பயம் சார்" என்றேன்.

அவர் தலையாட்டினார். இப்போது நடுவில் சேர்ப்பது கொஞ்சம் வேலைதான், காலாண்டுத் தேர்வு வேறு வருகிறது, ஆனால் பார்த்துக்கொள்ளலாம், திங்கட்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு வா என்றார். போகும்போது டீச்சர் என் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டுப் போனார்.

அக்கா வெகுநேரம் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடியும் பிரித்து மடித்தாள்.

"பகல்ல மிஷின்ல யாருட்டி உக்காருவா?"

சாயங்காலம் வந்து உட்காருகிறேன் அக்கா என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்றேன்.

"வராம பாரு. ஏழு கலருல துணி சொல்லியிருக்கு அந்த மனுசன். தக்காளிக்கு வேற காம்பு கோணலா நிக்கி" என்றாள். அப்புறம், பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணியில் பொடிசாக ஓரம் அடிக்க வேண்டும், உனக்குச் சரியாக வராது, நானே தைக்கிறேன் என்றாள்.

செப்டம்பர் 4, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். டிசி மேலாகவே இருந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

எழுந்ததும் வாந்தி வந்தது. அம்மா மோர் கொடுத்தாள். போகலாமா வேண்டாமா என்று கேட்கவில்லை, செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள். பள்ளி ஆபீஸில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் தீப்பெட்டி ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். கேட்டில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

பி பிரிவு மாடியில் இரண்டாவது அறை. படியில் ஏறும்போது உள்ளே இரைச்சல் கேட்டது. வாசலில் நான் நின்றதும் அடங்கியது. டீச்சர் போர்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். முப்பிடாதி பெஞ்சில் விரலால் டிரம் அடித்து, "எல, நம்ம தந்துகிலே" என்றான். சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

இரண்டாவது பெஞ்சில் ஷர்மிளா பானு தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்தாள்.

போய் உட்கார்ந்தேன்.